ஒன்பது சாம்பல் கட்டங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:
திரு. செரெமே, நிறுவன உரிமையாளர்.
திரு. டொங்கோர், மாவட்ட மருத்துவமனை ஆய்வகத் தலைவர். விருந்தாளி.
இசஹாக்கு, ஒச்சாமிகள் எனப்படும் சின்ன நிரல்களை எழுதுபவன். கதவோரம்.
அதோமா, வரவேற்பு. தண்ணீர் கொண்டுவந்தாள், போய்விட்டாள்.
கொனாடு, அடித்தளம் என்ற பொது நிரலை எழுதியவள். இந்தக் குறிப்பையும் எழுதுபவள்.
வராதவர்கள்: யாருமில்லை.

கொனாடு கூட்டக் குறிப்புகளை எப்போதும் இப்படித்தான் தொடங்குவாள். யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிப் போட்டுவிட்டால், பிறகு ஒருவரும் நான் அங்கே இல்லையே என்று கைவிரிக்க முடியாது. ஐந்து வருடம் கண்காணிப்புத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, யாருடைய நேரத்தில் எது படுத்தது என்று எழுதி எழுதிப் பழகிய கை அது. பல்கலைக்கழகத்தை மூன்றாம் வருடத்தில் விட்டவளுக்கு அந்தக் கைப்பழக்கம்தான் பட்டம்.

அலுவலகம் குமாசியில், அசோக்வாவில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பாலைவனப் புழுதியைக் கொண்டுவரும் ஹர்மாட்டான் காற்று இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. துடைத்த மேசை அரை மணியில் மறுபடி புழுதி பூசிக்கொண்டது. கதவுக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு வருடத்துக்கு முன் பட்டப்பகலில் யாரோ ஏறிவந்து மூன்று லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, யார் வெளியே போனாலும் அவர் பின்னாலேயே கதவைச் சாத்திப் பூட்டவேண்டும் என்பது செரெமேயின் சட்டம். பூட்டுவது கதவோரம் உட்கார்ந்தவன் வேலை. அதாவது, இசஹாக்குவின் வேலை.

டொங்கோர் ஒல்லியான மனிதர். வெளுத்த நீலச் சட்டை, கையில் ரப்பர் வளையம் போட்ட கோப்பு. உட்கார்ந்ததும் பேசத் தொடங்கிவிடவில்லை. செரெமேயின் அலுவலகத்தில் அப்படிப் பேசவும் முடியாது. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி, பிறகு தண்ணீர், பிறகு கைகுலுக்கல், அதற்கப்புறம்தான் அமானே கேட்பது, அதாவது வந்த காரணத்தை விசாரிப்பது. மேசையில் நாலு திரை ஓடினாலும் அந்த வரிசை மாறாது.

டொங்கோர் தண்ணீரைக் குடித்து முடித்தார். செரெமே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க எல்லாம் அமைதிதான். வழி நடந்து வந்தவர் நீங்க. அமானே சொல்லுங்க."

"அங்கேயும் அமைதிதான்," என்றார் டொங்கோர். "கெட்ட சேதி எதுவும் கொண்டுவரலை."

பிறகு ரப்பர் வளையத்தைக் கழற்றினார்.

"முப்பத்தோரு பை ரத்தம் கெட்டுப்போச்சு. ரெண்டரை நாள் பதினாலு டிகிரில கிடந்திருக்கு. ஆறைத் தாண்டக்கூடாது. மொத்தத்தையும் எரிச்சுட்டோம்."

கோப்பிலிருந்து தாள்களை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றும், ரத்தம் வைக்கும் குளிர்பெட்டி நலமா என்று காட்டும் செரெமேயின் நிறுவனத் திரையின் அச்சுப் பிரதி. காலை எட்டு மணி, பச்சை. மதியம் இரண்டு மணி, பச்சை. மாலை, பச்சை. ஒவ்வொரு பச்சைக்குக் கீழேயும் டொங்கோரின் கையெழுத்து.

"பெட்டியில ஒரு அபாய மணி இருந்தது. கரண்ட் போகிறப்பல்லாம் கத்தும். உங்க திரை வந்தப்புறம் இதெதுக்குன்னு நான்தான் கழட்டச் சொன்னேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா இந்தப் பச்சை யார் தப்பு? திங்கட்கிழமை போர்டு கூடுது. என்கிட்ட கேப்பாங்க, நீ பாக்கலையா, திரை பொய் சொல்லிச்சான்னு. எனக்கு ஒரு கடிதம் வேணும். காரணம் என்னன்னு போட்டு, கையெழுத்துப் போட்டு. வாங்காம நான் ஊருக்குப் போகமாட்டேன்."

செரெமே ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். விசாரித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றுமில்லை. நேற்று மாலையே போனில் செய்தி வந்து, நேற்று மாலையே அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

"உங்க பெட்டிக்கு உண்டான ஒச்சாமியை எழுதினவன் ஒரு கேள்விக்குப் பதிலை எழுதாம விட்டுட்டான். அவ்வளவுதான். மத்தது எல்லாம் ஒழுங்கா இருக்கு. அவன் திங்கட்கிழமை இங்க இருக்கமாட்டான். அதையும் கடிதத்துல போட்டுத் தர்றேன். கொனாடு, மதியத்துக்குள்ள எழுதிடு."

அவர் இசஹாக்கு பக்கம் திரும்பவே இல்லை. இசஹாக்கு பூட்டின் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டொங்கோருக்கு அந்த அறையில் யார் அவன் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர் கோப்பை மெதுவாகத்தான் மூடினார்.

"அப்புறம் கொனாடு, இன்னொண்ணு," என்றார் செரெமே. "ரெண்டு மணிக்குச் சுகாதார இயக்ககத்துக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள அடித்தளத்தைப் பூட்டிடணும். திங்கட்கிழமையிலருந்து வெளியாளுங்க மூணு கூட்டம் அதை வெச்சு எழுதப்போறாங்க. அதுக்கப்புறம் ஒரு வரி மாறக்கூடாது."

கொனாடு குறிப்பில் எழுதினாள்: கடிதம், கொனாடு. அடித்தளம் பூட்டுவது, கொனாடு. இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

*

அந்த நிறுவனம் செய்தது இதுதான். மருத்துவமனைகளின் குளிர்பெட்டிகள், தண்ணீர் மோட்டார்கள், ஜெனரேட்டர்கள், கணினிகள், எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்து காட்டுவது. இருபத்தேழு வகை இயந்திரங்கள். சைனாக்காரன் செய்தது, துருக்கியில் செய்தது, யாரோ நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் பெயரை மறந்துபோனது. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. அதனால் வகைக்கு ஒரு சின்ன நிரல். வெளியே அதைப் பிளகின் என்பார்கள். இங்கே ஒச்சாமி. அசாந்தி அரண்மனைகளில் தலைவர் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. பக்கத்தில் கோல் பிடித்து நிற்கும் ஒச்சாமிதான் அவர் வார்த்தையை வாங்கி வந்தவருக்குச் சொல்வான். இயந்திரம் தலைவர், நிரல் ஒச்சாமி. பெயர் வைத்தது செரெமே. வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கனக்கும்.

அடித்தளம் என்பது அந்த ஒச்சாமிகள் எல்லாருக்கும் பொதுவான கேள்வித்தாள். நாலே கேள்வி. உன் பெயர் என்ன. எழுப்பினால் எழுவாயா. நிறுத்தினால் நிற்பாயா. நலமா. எந்த ஒச்சாமியும் இந்த நாலுக்கும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டால்தான் திரையில் இடம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இருபத்தேழு ஒச்சாமிகளும் இந்த நாலு கேள்வியின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலில் ஒன்று கோணலாக இருந்தால் இருபத்தேழும் கோணல். இந்த ஊரில் கொனாடுவின் பெயரைத் தாங்கிய ஒரே பொருள் அந்தக் கேள்வித்தாள்தான்.

அவள் தன் மேசைக்குப் போய் அதைத் திறந்தாள். திறக்காமலே தெரியும். நாலாவது கேள்விக்குக் கீழே அவளே போட்ட ஒரு வரி. ஒச்சாமியிடம் பதில் இல்லையென்றால், நலம் என்று எடுத்துக்கொள். பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம்.

போன மார்ச். முதல் முறையாகத் திரையை வெளியாட்களுக்குக் காட்டிய வாரம். சில இயந்திரங்கள் நலம் விசாரித்தால் வாயே திறக்காது. அப்படி ஒன்று ஊமையாக நின்றால் திரை முழுவதும் தடுக்கிவிழுந்தது. ஒரு வாரத்துக்குத்தானே என்று அந்த வரியைப் போட்டாள். திரை ஓடியது. எல்லாம் பச்சை. செரெமே கைதட்டினார், ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு வாரம் பதினோரு மாதம் ஆயிற்று.

ஆக, இசஹாக்கு ஒரு பதிலை எழுதாமல் விட்டான் என்பது உண்மை. எழுதாமல் விட்டவனுக்காகப் பொய் சொன்னது அவள் வரி.

கடிதத்துக்கு ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். தேதி போட்டாள். டொங்கோரின் பெயரைப் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை.

*

பதினோரு மணிக்கு இசஹாக்கு மாடிப்படியில் உட்கார்ந்து வாச்சே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறும் காராமணியும் சேர்த்து வேகவைத்து இலையில் கட்டித் தருவது, மேலே ஒரு முட்டை. இன்னொரு பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடுங்க அக்கா. வேலை போறவன் வாங்கித் தர்றது, வேணாம்னு சொல்லக்கூடாது."

"நீ போறேன்னு யார் சொன்னா?"

"காது இருக்கே. வடக்கே தமலேயிலருந்து வந்தவனுக்கும் ரெண்டுதான்."

அவள் உட்கார்ந்தாள். இலையைப் பிரித்தாள், சாப்பிடவில்லை. கீழே பெயின்ட் கடைக்காரன் வாடிக்கையாளரிடம் இது கிரீம் இல்லை, வெள்ளைதான், தூசி படிந்திருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

"அந்தத் துருக்கிப் பெட்டி இருக்கே," என்றான் இசஹாக்கு, "எழுப்பினா எழுந்திருக்கும். நிறுத்தினா நிக்கும். நலமான்னு கேட்டா ஊமை. செஞ்சவன் அந்தப் பேச்சையே உள்ளே வைக்கலை. ஏப்ரல்ல உங்ககிட்ட கேட்டேன்."

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

அவள் இலையை மறுபடி மடித்தாள்.

"விடு, அடித்தளம் பாத்துக்கும். அதான் சொன்னீங்க. எழுத்துல இருக்கு. என் போன்லயும் இருக்கு, உங்க போன்லயும் இருக்கு."

"அப்புறம் ஏன் காலைல காட்டலை?"

"காட்டினா என்ன ஆகும்? பாஸ் ரெண்டு பேரையும் அனுப்பிட்டு மச்சான் பையனைக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பார். அந்தப் பையனுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்." முட்டையைப் பாதியாகப் பிட்டு வாயில் போட்டான். "அதுவும் இல்லாம, எழுதினது நீங்க. நீங்களே படிச்சுக்கலாம். நான் வேற வாசிச்சுக் காட்டணுமா?"

"கோவமா?"

"கோவம்தான். பின்ன என்ன? ஆனா முழுக் கோவம் வரமாட்டேங்குது. எழுதி முடிச்சு ஓட்டிப் பாத்தேன், பச்சை வந்துச்சு. நான் எழுதாத பதிலுக்கு எப்படிப் பச்சை வருதுன்னு அரை நிமிஷம் தோணிச்சு. மணி அஞ்சே கால். வீட்டுக்குப் போயிட்டேன்." இலையைச் சுருட்டினான். "அந்த அரை நிமிஷம் என்னோடது. மிச்சம் உங்களோடது."

அவன் எழுந்து உள்ளே போனான். அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், அவள் வந்ததும் பூட்டினான்.

*

வரவேற்பறையில் டொங்கோர் நேராக உட்கார்ந்திருந்தார். கோப்பு மடியில். அதோமா அவருக்கு இரண்டாவது முறை தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரிதானே என்று கேட்டாள். அமைதிதான் என்றார் டொங்கோர்.

கொனாடு நின்றுவிட்டாள்.

அந்த மனிதர் காலையிலும் அதைத்தான் சொன்னார். முப்பத்தோரு பை ரத்தத்தை எரித்துவிட்டு, வேலை போகுமா நிற்குமா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் வண்டியில் இடிபட்டு வந்து, அமைதிதான், கெட்ட சேதி எதுவுமில்லை என்றார். அறையில் இருந்த ஒருவரும் அதைச் சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் முதலில் அமைதி என்றுதான் சொல்வார்கள். சாவுச் செய்தி கொண்டுவந்தவனும் அப்படித்தான் தொடங்குவான். நான் வந்து சேர்ந்துவிட்டேன், பேசும் நிலையில் இருக்கிறேன் என்பதற்குமேல் அதற்கு அர்த்தமில்லை. அதைக் கேட்டுவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. தலையாட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் அமானே.

அவளுடைய கேள்வித்தாள் முதல் வார்த்தையோடு எழுந்து போயிருந்தது. அதுகூட இல்லை. வந்தவர் வாயே திறக்காதபோது, அவருக்காகத் தானே அமைதி என்று சொல்லிக்கொண்டு எழுந்து போயிருந்தது. தலைவர் ஒரு வார்த்தை கொடுக்காதபோது தன் சொந்தச் சரக்கைப் பேசும் ஒச்சாமியை எந்த அரண்மனையிலும் ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். அவள் அப்படி ஒருவனைப் பதினோரு மாதம் வைத்திருந்தாள்.

குமாசியில் பிறந்து வளர்ந்தவள் செய்த தப்பு அது. வேறு ஊர்க்காரி என்றால் பதில் இல்லாத இடத்தில் வேறு எதையாவது வைத்திருப்பாள். இவளுக்கு அமைதி என்று வைக்கத்தான் கை போயிற்று. அது மரியாதை என்று பட்டது.

மேசைக்கு வந்து அந்த வரியை அழித்தாள். நாலாவது கேள்வியை இரண்டாகப் பிளந்தாள். வந்துவிட்டாயா என்பது ஒன்று. அமானே என்ன என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் மூன்றே வகை: நலம், நலமில்லை, தெரியவில்லை. எதையும் அடித்தளம் தானாகச் சொல்லாது. ஒச்சாமியை எழுதுபவன் தன் கையால் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் ஒச்சாமி உள்ளேயே நுழைய முடியாது. நலம் என்று சொன்னால், தலைவரிடமிருந்து கடைசியாக எப்போது வார்த்தை வாங்கினாய் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓட்டினாள். இருபத்தேழில் பதினெட்டு ஒச்சாமிகளிடம் பதில் ஏற்கெனவே இருந்தது. பதிலுக்குப் புது உடுப்பு மாட்டிவிட்டாள், உள்ளே வந்தன. ஒன்பது வாசலிலேயே நின்றன. அந்த ஒன்பதுக்கும் ஒரே பதிலை அவளே கையால் எழுதினாள். தெரியவில்லை. ஒவ்வொன்றாக. நகலெடுத்து ஒட்டவில்லை.

திரையில் ஒன்பது கட்டங்கள் பச்சையிலிருந்து சாம்பலுக்கு மாறின. உண்மையில் நேற்றும் அவை சாம்பல்தான்.

ஒன்பதில் இன்னொரு ரத்தவங்கிக் குளிர்பெட்டி இருந்தது. வேறு மாவட்டம். போனை எடுத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க குளிர்பெட்டி எத்தனை டிகிரில இருக்குன்னு கொஞ்சம் போய்ப் பாக்கிறீங்களா?"

"நீங்க எங்கிருந்து பேசறீங்க?"

சொன்னாள்.

"என்னம்மா இது, உங்க திரையில காலைலகூட பச்சையா இருந்துச்சே. நான் போய் என்ன பாக்கிறது?"

"போய்ப் பாருங்க. நான் காத்திருக்கேன்."

செருப்புச் சத்தம் போயிற்று. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"நாலு டிகிரி. போதுமா? வேலை கெட்டது." போனை வைத்துவிட்டாள்.

நாலு டிகிரி. நல்லது. அந்தப் பெட்டி நாலு டிகிரியில் இருந்ததற்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது கொனாடுவுக்குத் தெரியும்.

பிறகு கடிதத்தை எழுதினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

*

ஒன்றரைக்குச் செரெமே டை கட்டிக்கொண்டு வந்தார். பெரிய திரையைப் பார்த்தார்.

"என்ன இது? ஒன்பது இடத்துல கரண்ட் போச்சா?"

"இல்லை ஸார். அந்த ஒன்பதையும் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது. அதைத்தான் காட்டுது."

"நேத்து பச்சையா இருந்துச்சே!"

"நேத்தும் தெரியாது ஸார். நேத்து பச்சை அடிச்சு வெச்சிருந்தோம்."

"கொனாடு, அரை மணியில ஆளுங்க வர்றாங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கா நம்மகிட்ட வர்றாங்க? தெரியாதுன்னா அவங்களே சொல்லிக்குவாங்களே, அதுக்கு நாம எதுக்கு?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. முதலாளிகளுக்கு உரிய அளவுக்கு மட்டும் அவசரக்காரர். "பழையபடி வை. நாலு மணிக்கு அவங்க போனதும் உன் இஷ்டப்படி மாத்திக்கோ."

"நாலு மணிக்கு மாத்தமுடியாது. ரெண்டு மணிக்குப் பூட்டணும்னு நீங்கதான் சொன்னீங்க. பழையபடி பூட்டினா வெளியாளுங்க எழுதறதும் அதே பொய்யைத்தான் சொல்லும்."

கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ஒரு முறை, பிறகு மெதுவாக இன்னொரு முறை. டொங்கோர் ஒழுங்காகப் பார்த்தார், திரைதான் பொய் சொன்னது என்று அதில் இருந்தது. பொய்க்குக் காரணம் அடித்தளத்தில் இருந்த ஒரு வரி என்று இருந்தது. அந்த வரி எந்த நாள் எழுதப்பட்டது, யார் எழுதியது என்றும் இருந்தது. இன்னும் எட்டு வகை இயந்திரங்கள் இதே நிலையில் இருக்கின்றன, அவற்றைக் கையால் சரிபாருங்கள் என்றும் இருந்தது. இசஹாக்குவின் பெயர் எங்கும் இல்லை.

"உன் பேரை நீயே போட்டிருக்கே."

"வேற யார் பேரைப் போடறது? நான் எழுதினது."

"ஒரு பையன் மறந்துட்டான்னு சொன்னா ஒரு பெட்டியோட போயிடும். இது மொத்த வீட்டுக்கும் அஸ்திவாரம் ஆடுதுன்னு சொல்லுது."

"அடுத்த பெட்டி படுத்துச்சுன்னா இன்னொரு இசஹாக்குவை எங்க போய்த் தேடுவீங்க ஸார்?"

செரெமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புழுதி போகவில்லை, இடம்தான் மாறியது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் டொங்கோர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கடிதம் வாங்காமல் எழுந்திருக்கிற மனிதராக அவர் தெரியவில்லை. இரண்டு மணிக்கு வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். தாண்டும்போது என்ன விஷயம் என்று கேட்பார்கள். அவரும் முதலில் அமைதிதான் என்பார். பிறகு சொல்வார்.

செரெமே பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"ஒருத்தர் போறாங்கன்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் இருக்கும்போது சொன்னது. நீயே குறிப்புல எழுதியிருப்பே."

"எழுதியிருக்கேன்."

"அப்போ?"

அவள் இதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு வழி ஏதாவது கண்டுபிடித்திருக்கலாம். பட்டமில்லாதவளை இந்த ஊரில் இன்னொரு இடத்தில் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

"போறேன்," என்றாள்.

செரெமே கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார்.

டொங்கோர் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தார். மடித்துக் கோப்பில் வைத்து ரப்பர் வளையம் போட்டார். நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? விடைபெறும் முறைப்படி வழி கேட்டார்.

"பாதி வழி தர்றோம்," என்றார் செரெமே. "மீதி எங்ககிட்ட இருக்கட்டும். திரும்பி வாங்க."

இசஹாக்கு கதவைத் திறந்துவிட்டு, சாத்தி, பூட்டினான்.

"இசஹாக்கு," என்றார் செரெமே, "அந்தப் பழைய வரியைத் திரும்பப் போடு. ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும்."

இசஹாக்கு தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் போட்டா என் பேர்ல பதியும் ஸார். எந்த நாள், எந்த மணி, எல்லாம். இப்பத்தான் ஒரு கடிதம் போயிருக்கு, அதுல அந்த வரியை எழுதினவங்க பேர் இருக்கு. ரெண்டாவது தடவை எழுதினவன் பேரும் வேணும்னு கேட்டா?"

"நான் சொல்லித்தான் போட்டேன்னு சொல்லு."

"அப்போ நீங்களே போடுங்க ஸார். ஒரே வரிதான். நான் சொல்லித் தர்றேன்."

செரெமே திரையைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது கட்டங்களும் சாம்பலாகவே நின்றன. யாருக்கும் தைரியம் வந்ததனால் அவை நிற்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பெயர் போட ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கொனாடு அடித்தளத்தைப் பூட்டினாள். பதிப்பு எண் ஒன்று. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பில் கடைசி இரண்டு வரிகளுக்கு எதிரே முடிந்தது, முடிந்தது என்று எழுதினாள். கோப்பை, சால்வை, சார்ஜர், இவ்வளவுதான் அவளுடையது. சாவியை மேசையில் வைத்தாள்.

"வழி கேக்கிறேன் ஸார்."

பாதி வழி என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். செரெமே டையைச் சரிசெய்துகொண்டார்.

"முழுசா எடுத்துக்கோ."

இசஹாக்கு எழுந்து கதவைத் திறந்தான். பெயின்ட் வாசனையும் புழுதியும் சேர்ந்து உள்ளே வந்தன. அவன் முகத்தில் நன்றி மாதிரி எதுவும் இல்லை. ஒன்பது ஒச்சாமிகள் அவன் தலையில் விழுந்திருந்தார்கள். ஒன்பது ஊமைத் தலைவர்களிடமிருந்து எப்படியாவது வார்த்தை வாங்கவேண்டும்.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்தத் துருக்கிப் பெட்டிக்குள்ள தனியா வெப்பமானி ஏதாவது வெச்சிருக்கானா? அதுல ஒரு கம்பி இழுத்தா ஒருவேளை சேதி வாங்கிடலாம்."

அவள் வாசலில் நின்று யோசித்தாள். இருக்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலை," என்றாள்.

"சரி. போய்ப் பாத்துக்கிறேன்."

அவள் படியிறங்கினாள். முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சாவி, இரண்டு சுற்று.